ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன்: மாத்திரையை நிறுத்தலாமா, ஆய்வில் சேரலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. ஏழு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று வைத்தார்கள். ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல், கொழுப்பு மாத்திரை மூன்றும் சேர்ந்த ஒரே கேப்சூலை இரவில் சாப்பிடுகிறார். இப்போது வலது தொடையிடுக்கில் ஹெர்னியா. நின்றால் புடைக்கிறது, படுத்தால் உள்ளே போய்விடுகிறது. பெரிய வலி இல்லை. சர்ஜன், "ஒரு வாரம் முன்னாடியே மாத்திரை எல்லாத்தையும் நிறுத்திட்டு வாங்க" என்கிறார். இதய டாக்டர், "ஒரு வருஷம் முடியறதுக்குள்ள கை வைக்கவே கூடாது" என்கிறார். இதற்கு நடுவில், அதே மருத்துவமனையில் நடக்கும் ஓர் ஆய்வில் சேரச் சொல்லி ஆறு பக்கத் தகவல் தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் பிளேட்லெட் எந்த அளவு வேலை செய்கிறது என்று அளந்து, அப்புறம் ரத்தக்கசிவோ வேறு சிக்கலோ வருகிறதா என்று பார்ப்பார்களாம். அப்பாவின் பிளேட்லெட் 2,40,000, நார்மல்தான். பிறகு எதற்கு இன்னொரு டெஸ்ட்? "என்னை சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்க" என்கிறார் அப்பா. பிளேட்லெட் என்ற பேச்சைக் கேட்டதும் அம்மா பப்பாளி இலைச் சாறு கொடுக்க ஆரம்பித்துவிட்டார். கையெழுத்துப் போடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி)

பதில்:

ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளைப் பரிசோதித்து "சரி, மயக்கம் கொடுக்கலாம்" என்று சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். நீங்கள் எழுதியிருக்கும் இழுபறி அங்கே அடிக்கடி வருவதுதான். அப்பாவை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் கடைசி முடிவு அவருடைய டாக்டர்களுடையது. ஆனால் உங்கள் கடிதத்தில் இருப்பதை வைத்தே ஒன்றைச் சொல்லலாம்: இந்த ஹெர்னியாவுக்கு இப்போது அவசரமில்லை. அதை ஒப்புக்கொண்டால் உங்கள் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

ஹெர்னியா என்றதும், "குடல் சிக்கிக்கொண்டால்?" என்ற பயம்தான் எல்லோருக்கும் வரும். அமெரிக்காவில் இதே மாதிரி வலி அதிகம் இல்லாத தொடையிடுக்கு ஹெர்னியா உள்ள 720 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன் செய்தார்கள். மறு பாதியைச் சும்மா கண்காணித்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. கண்காணித்தவர்களில் குடல் சிக்கி அவசர நிலைக்குப் போனவர்கள், 1000 பேரை ஓர் ஆண்டு கவனித்தால் 2 பேர்கூட வராத அளவுதான். இரண்டு வருடத்துக்குள் அவர்களில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஆபரேஷனுக்கு வந்தார்கள். பெரும்பாலும் வலி கூடியதுதான் காரணம். ஆக, இன்னும் ஐந்து மாதம் தள்ளிப்போடுவது விபரீதமில்லை. (இது ஆண்களின் ஹெர்னியாவுக்கு மட்டும். பெண்களுக்குத் தொடையிடுக்கில் வருவது வேறு கணக்கு. அதைத் தள்ளிப்போடக் கூடாது.)

இந்த ஐந்து மாதத்தில், படுத்தும் உள்ளே போகாமல் புடைப்பு கல் மாதிரி இறுகிவிட்டாலோ, அதோடு வலியும் வாந்தியும் வந்தாலோ, நடுராத்திரி என்றாலும் எமர்ஜென்சிக்குப் போய்விட வேண்டும். அங்கே போனதும் முதலில் சொல்ல வேண்டியது ஸ்டென்ட் வைத்த தேதி. மற்றபடி மலச்சிக்கலும் இருமலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் பக்கம் அவரை விடாதீர்கள்.

இதய டாக்டர் ஏன் "ஒரு வருஷம்" என்று பிடிவாதமாக நிற்கிறார் என்றால், ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் கிடக்கும் ஒரு கம்பி வலை. குழாயின் உட்புறத் தோல் அதன்மேல் மெல்ல வளர்ந்து மூட வேண்டும். மருந்து பூசிய ஸ்டென்டில் அந்த மருந்தே இந்த வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். மூடாத கம்பியைப் பார்த்தால், ரத்தத்தை உறைய வைக்கும் சின்ன அணுக்களான பிளேட்லெட் போய் ஒட்டும். ஒட்டினால் ரத்தம் உறைந்து குழாய் அடைபடும். அடைபட்டால் அது இன்னொரு மாரடைப்பு, அதுவும் முதலில் வந்ததைவிடக் கொடியதாக இருக்கலாம். ஆபரேஷன் இதில் எண்ணெய் ஊற்றுகிறது. கத்தி பட்டதும் உடம்பு ரத்தத்தை நிறுத்தத் தயாராகிறது, பிளேட்லெட்டுகள் வழக்கத்தைவிடத் துடிப்பாகின்றன. சரியாக அந்த நாளில்தான், பிளேட்லெட் ஒட்டுவதைத் தடுக்கும் மாத்திரையையும் நாம் நிறுத்தியிருப்போம்.

அதனால்தான், மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் எதுவானாலும் ஒரு வருடம் கழித்தே செய்யுங்கள் என்கிறது அமெரிக்க இதய அமைப்புகளின் 2024 வழிகாட்டுதல். மாரடைப்பு இல்லாமல், நெஞ்சுவலிக்காக மட்டும் வைத்தவர்களுக்கு 6 மாதம். புற்றுநோய் போல ரொம்ப நாள் காத்திருக்க முடியாத ஆபரேஷன் என்றால் 3 மாதத்துக்குப் பிறகு யோசிக்கலாம். முதல் 30 நாளில், உயிர் போகிற நிலை தவிர, யாரும் தொட மாட்டார்கள். உங்கள் அப்பா முதல் வகை. ஏழாவது மாதத்தில் நிற்கிறார்.

சர்ஜன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆஸ்பிரின், கிளோபிடோக்ரல் இரண்டும் உடம்பில் இருக்கும்போது வெட்டினால் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், விதைப்பையில் ரத்தம் கட்டி வீங்கும். எங்கள் மயக்கவியல் பிரிவின் கவலை வேறு. ஹெர்னியாவுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வோம். கிளோபிடோக்ரல் வேலை செய்துகொண்டிருக்கும்போது அந்த ஊசி போட்டால், தண்டுவடத்தை ஒட்டி ரத்தம் கட்டி கால் செயலிழக்கக்கூட வாய்ப்பு உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் அந்த ரிஸ்க்கை நாங்கள் எடுப்பதில்லை. ஆகவே கிளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது சரி. ஆஸ்பிரினையும் சேர்த்து "எல்லாத்தையும்" நிறுத்தச் சொல்வதுதான் எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்பிரின் மட்டும் இருந்தால் முதுகில் ஊசி போடத் தடையில்லை, ஹெர்னியா ஆபரேஷனுக்கும் தடையில்லை.

ஆஸ்பிரினையும் நிறுத்தச் சொல்லும் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பாய்ஸ்-2 என்று ஒரு பெரிய ஆய்வு, 23 நாடுகளில் 10,010 நோயாளிகள், 2014-ல் வெளியானது. இதயம் அல்லாத ஆபரேஷன்களின்போது பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 30 நாளில் மரணமோ மாரடைப்போ வந்தவர்கள் ஒரு பக்கம் 7.0 சதவீதம், மறுபக்கம் 7.1. வித்தியாசமே இல்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் ஆஸ்பிரின் பக்கம் கூடுதல்: அங்கே 4.6 சதவீதம், மறுபக்கம் 3.8. இதைப் படித்த பல சர்ஜன்கள் "அப்போ நிறுத்திடலாம்" என்று முடிவு கட்டினார்கள். ஆனால் அதே ஆய்வுக்குள் ஏற்கெனவே ஸ்டென்ட் போன்ற சிகிச்சை எடுத்திருந்த 470 பேரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 6.0 சதவீதம் பேருக்கும் எடுக்காதவர்களில் 11.5 சதவீதம் பேருக்கும் மரணமோ மாரடைப்போ நேர்ந்திருந்தது. பிறகு 2024-ல் தென்கொரியா, இந்தியா, துருக்கி மூன்று நாடுகளில் 926 பேரிடம் நடந்த ஆய்வு வந்தது. ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் தாண்டியவர்களிடம் ஆஸ்பிரினைத் தொடர்ந்தாலும் நிறுத்தினாலும் பெரிய ஆபத்துகளில் வித்தியாசம் தெரியவில்லை. சின்னக் கசிவுகள்தான் தொடர்ந்தவர்களிடம் கொஞ்சம் அதிகம்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகாதவர்களை இந்த இரண்டு ஆய்விலுமே சேர்க்கவில்லை. ஏழு மாதத்தில் நிற்கும் உங்கள் அப்பாவைப் பற்றி இந்த எண்கள் எதுவும் பேசவில்லை. "ஆய்வே சொல்லுது, நிறுத்தலாம்" என்று யாராவது சொன்னால் இதைக் கேளுங்கள்.

இனி பிளேட்லெட். டெங்கு வந்து வந்து, நம் ஊரில் பிளேட்லெட் என்றாலே எண்ணிக்கைதான் என்று ஆகிவிட்டது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை நார்மல். அப்பாவுக்கு எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. பப்பாளி இலைச் சாற்றை அம்மா இன்றோடு நிறுத்திவிடலாம். ஏற்றுவதற்கு அங்கே எதுவும் குறையவில்லை. ஆஸ்பிரினும் கிளோபிடோக்ரலும் எண்ணிக்கையைத் தொடுவதில்லை, ஒட்டும் திறனைத்தான் முடக்குகின்றன. 2,40,000 பிளேட்லெட்டும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் கூப்பிட்டால் ஓடி வந்து ஒட்டாது. ரத்த எண்ணிக்கை எடுக்கும் சாதாரண மெஷினுக்கு இது தெரியவே தெரியாது.

பிளேட்லெட்டுக்குக் கரு கிடையாது. அதனால் ஆஸ்பிரின் முடக்கிய புரதத்தை அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. ஒருமுறை முடங்கினால் ஆயுள் முழுக்க முடக்கம்தான். அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். எலும்பு மஜ்ஜை தினமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாக இறக்குகிறது. கிளோபிடோக்ரலும் இதே மாதிரி ஒட்டினால் விடாத மருந்துதான். ஐந்து நாள் இடைவெளி கேட்பதன் கணக்கு இதுதான்: அதற்குள் பாதிக்குப் பாதி புது பிளேட்லெட் வந்துவிடும், ரத்தத்தை நிறுத்த அது போதும்.

ஆனால் கிளோபிடோக்ரலில் ஒரு வம்பு. விழுங்கும்போது அது மருந்தே அல்ல; கல்லீரலில் ஒரு என்சைம் அதை மாற்றினால்தான் மருந்தாகும். அந்த என்சைம் மந்தமாக இருக்கும் மரபணு வகை இந்தியர்களிடம் சர்வசாதாரணம். அதனால் ஒரே 75 மில்லிகிராம் ஒருவருக்கு நன்றாகப் பிடிக்கும், இன்னொருவருக்குச் சாப்பிட்டும் சாப்பிடாத மாதிரி. ஒமிப்ரசோல் என்ற கேஸ் மாத்திரையும் அதே என்சைமைத் தடுக்கும். அப்பா காலையில் வெறும் வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை எது என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒமிப்ரசோல் என்றிருந்தால் பான்டோப்ரசோலுக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படியே, ஹெர்னியா வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபினாக் என்று வாங்கிப் போடுகிறாரா என்றும் பாருங்கள். இவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். ஐபூப்ரோஃபென் ஆஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

ஆக, உங்களுக்குத் தாள் கொடுத்த ஆய்வுக் குழு அளக்க நினைப்பது இந்த ஆளுக்கு ஆள் மாறும் வித்தியாசத்தை. இதற்குப் பல வழிகள் உண்டு. மூத்த வழி, லண்டனில் கஸ்டாவ் பார்ன் என்பவர் 1962-ல் விளக்கியது. பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மாவை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் வைத்து ஒரு பக்கம் வெளிச்சம் அடிப்பார்கள். முதலில் கலங்கலாக இருக்கும், வெளிச்சம் மறுபக்கம் சரியாகப் போகாது. பிளேட்லெட்டைத் தூண்டும் ரசாயனம் ஒரு துளி விட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், கலங்கல் தெளியும், வெளிச்சம் பாயும். மாத்திரை நன்றாகப் பிடித்தவர் ரத்தம் என்றால் துளி விட்ட பிறகும் கலங்கியே கிடக்கும். இந்த டெஸ்டுக்கு ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, சுமார் நான்கு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். நீல மூடி போட்ட குழாயில் எடுப்பார்கள். ஊசி குத்த இடம் தேடித் தடவினாலே பிளேட்லெட் விழித்துக்கொள்ளும் என்பதால் ஒரே குத்தில் எடுக்கப் பார்ப்பார்கள். எப்போதோ எடுத்து வைத்த ரத்தத்தில் இது நடக்காது என்பதால்தான் தனியாக வரச் சொல்கிறார்கள்.

சரி, அளந்தால் முடிவு தெரிந்துவிடுமா? இங்கேதான் நான் கொஞ்சம் நிதானிப்பேன். ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இந்த எண்ணைப் பார்த்து மருந்தை மாற்றினால் பலன் உண்டா என்று ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள். 2011-ல் கிராவிடாஸ் என்ற ஆய்வு, 2214 பேர். 2012-ல் ஆர்க்டிக், 2440 பேர். இரண்டிலும் எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டியும் மாற்றியும் பார்த்தார்கள். நோயாளிக்குக் கிடைத்த பலன் கூடவில்லை. பைபாஸ் ஆபரேஷனுக்கு முன் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்று முடிவு செய்ய மட்டும் இந்த டெஸ்ட்டைச் சில இடங்களில் பயன்படுத்துகிறார்கள். ஹெர்னியா, பித்தப்பை மாதிரி ஆபரேஷன்களில் இது உதவுமா என்பது நியாயமான கேள்வி, ஆராயப்பட வேண்டிய கேள்வி. ஆனால் விடை தெரியாததால்தான் ஆய்வு நடக்கிறது. அப்பாவுக்கு வரும் எண்ணைக் காட்டி, "நல்லா இருக்கு, ஏழு மாசத்திலேயே பண்ணிடலாம்" என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

தகவல் தாளை எடுத்து முதலில் ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள். சர்ஜனும் இதய டாக்டரும் எப்படியும் செய்யப்போவதைப் பக்கத்தில் நின்று கவனித்து எழுதிக்கொள்ளும் ஆய்வா, இல்லை, யாருக்கு மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதைக் குலுக்கல் முறையில் ஆய்வே தீர்மானிக்குமா? முதல் வகை என்றால் அப்பா கொடுப்பது கொஞ்சம் ரத்தமும் நேரமும்தான். நானாக இருந்தால் சேரச் சொல்வேன். இரண்டாவது வகை என்றால், இதய டாக்டர் அந்தத் தாளைப் படித்து "சரி" என்று எழுதிக் கொடுக்காமல் கையெழுத்து வேண்டாம். எந்த வகையானாலும் ஆய்வுக்காக ஆபரேஷன் தேதியை முன்னால் இழுக்கக் கூடாது. தள்ளிப்போட்டால் சேர முடியாது என்றால், போகட்டும்.

அடுத்து, ரத்தத்தை என்ன செய்கிறார்கள்? பிளேட்லெட் மட்டும் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுவார்களா, நான் மேலே சொன்ன மரபணுவையும் பார்ப்பார்களா, மிச்சத்தைச் சேமித்து வைப்பார்களா? மரபணுவுக்கும் சேமிப்புக்கும் அப்பா தனியாகச் சம்மதம் சொல்ல வேண்டும். "இது வேண்டாம், அது மட்டும் சரி" என்று சொல்லலாம். ஆய்வுக்காக மட்டும் எடுக்கும் டெஸ்டுக்கு உங்கள் பில்லில் காசு ஏறக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை. ஆய்வால் ஏதாவது பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண்ணும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் மனசு ஒப்பவில்லை என்றால், மருத்துவ ஆய்வுகளின் தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் ஆய்வின் பதிவு எண்ணைப் போட்டுத் தேடிப் பாருங்கள். எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கிறார்கள் எல்லாம் பொதுவில் கிடக்கும்.

தாளில் "சிக்கல்கள்" என்று ஒரு சதவீதம் போட்டிருந்தால் அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆய்வுகளில் சிக்கல்களை ஒன்று முதல் ஐந்து படியாகப் பிரிப்பது வழக்கம். 2004-ல் திருத்திய கிளாவியன்-டிண்டோ முறை என்று பெயர். முதல் படியில் கூடுதலாக ஒரு வாந்தி மாத்திரை கொடுத்ததுகூட அடங்கும். மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோனால் மூன்று, ஐ.சி.யூ. என்றால் நான்கு, மரணம் ஐந்து. மொத்த சதவீதத்தைக் கேட்காமல், "மூணாம் படியும் அதுக்கு மேலயும் எத்தனை பேர்?" என்று கேளுங்கள். கேள்வி கேட்டவரை அவர்கள் கொஞ்சம் மரியாதையாகவே பார்ப்பார்கள்.

"சோதனை எலி" என்று அப்பா சொன்னதற்கு: எலியிடம் யாரும் ஆறு பக்கம் எழுதிக் கொடுத்து அனுமதி கேட்பதில்லை. அப்பா மாட்டேன் என்று சொல்லலாம், சேர்ந்துவிட்டு நடுவில் விலகலாம். சிகிச்சையில் எதுவும் குறைக்கக் கூடாது. கையெழுத்து அப்பாவுடையதாக இருக்க வேண்டும், அவருக்காக நீங்கள் போடக் கூடாது. ஆபரேஷன் சம்மதமும் ஆய்வுச் சம்மதமும் வேறு வேறு தாள். அட்மிஷன் கவுன்டரில் நீட்டும் கட்டோடு சேர்த்து இதையும் நீட்டினால், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறேன் என்று சொல்லுங்கள். போட்ட பிறகு ஒரு பிரதியை வாங்கி ஃபைலில் வையுங்கள்.

ஒரு வருடம் முடிந்து ஆபரேஷன் நாள் குறிக்கும்போது, சர்ஜன், இதய டாக்டர், மயக்க டாக்டர் மூவரும் ஒப்புக்கொண்ட திட்டம் ஒரே தாளில் தேதியோடு வேண்டும். நீங்கள் ஆளுக்கு ஆள் போய்ச் செய்தி சொல்லும் தபால்காரராக இருக்காதீர்கள். அந்தக் கேப்சூலையும் கவனியுங்கள். மூன்று மருந்து ஒன்றாக இருப்பதால், கிளோபிடோக்ரலை நிறுத்துகிறேன் என்று கேப்சூலை நிறுத்தினால் ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் சேர்ந்தே நின்றுவிடும். அந்த ஒரு வாரத்துக்கு ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரு வருடம் முடியும்போது இதய டாக்டரே கிளோபிடோக்ரலை எடுத்துவிடவும் கூடும். அப்படியானால் இந்தத் தலைவலியே இல்லை. "மாத்திரைக்குப் பதிலா ஹெப்பாரின் ஊசி போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அது உறைதலின் வேறொரு பாதையைத் தடுப்பது, ஸ்டென்டில் பிளேட்லெட் ஒட்டுவதைத் தடுக்க அது ஈடாகாது.

நிறுத்திய கிளோபிடோக்ரலை மறுபடி எப்போது தொடங்குவது என்பதுதான் டிஸ்சார்ஜ் சம்மரியில் அடிக்கடி விடுபடும் வரி. ரத்தக்கசிவு இல்லையென்றால் ஓரிரு நாளிலேயே தொடங்கச் சொல்வார்கள். அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே வார்டை விட்டுக் கிளம்புங்கள்.